பழைய லாரிச் சீட்டு

இந்த மின்விசிறி கொஞ்சம் முனகுகிறது. நான் மெதுவாகப் பேசிப் பழகியவள், அதனால் நீங்கள்தான் நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். காலையிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், வாயில் ஏதாவது போட்டீர்களோ என்னவோ. அவசரம் ஒன்றும் இல்லை அம்மா. நான் எங்கேயும் ஓடப் போவதில்லை. மறைப்பதற்கும் என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் கைப்பேசியில் ஒரு பையன் படம் பார்த்தேன். முன்பல் விழுந்திருக்கிறது, ஆறு வயது இருக்கும். அந்த வயதில்தான் ஆரம்பிக்க வேண்டும். பணத்தைச் சொல்கிறேன். முதல் சம்பளத்தை வாங்கி, அதைக் கடன் அட்டையில் தொலைத்து, முழி பிதுங்கிய பிறகு கற்றுக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் பிள்ளைகள் அந்த வரிசையில் போய் நிற்கக் கூடாது என்று நினைத்தேன். எல்லாத் தாயும் நினைப்பதுதான்.

நான் வேலை பார்த்தது வாகனக் காப்பீட்டு அலுவலகம், இழப்பீட்டுப் பிரிவு. எங்கேயாவது மோதி நசுங்கிய வண்டிகளின் படங்கள் என் மேசைக்கு வரும். பழுது பார்க்கும் செலவு வண்டியின் மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் அதைப் பழுது பார்க்க விடமாட்டோம். ‘முழு இழப்பு’ என்று முத்திரை குத்தி, தொகையைக் கொடுத்து, கோப்பை மூடிவிடுவோம். சிலர் நேரிலேயே வந்து அழுவார்கள். அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்தது, என் முதல் வண்டி என்பார்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பேன். முழுதாகக் கேட்பேன். முத்திரையை மட்டும் மாற்றமாட்டேன். கேட்பதற்கும் மாற்றுவதற்கும் சம்பந்தம் இல்லை என்பது அந்த மேசையில் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும்.

பிள்ளைகளுக்கு முதலில் கடையில் விற்கும் விளையாட்டைத்தான் வாங்கினேன். இடம் வாங்கி, வீடு கட்டி, வருகிறவனிடமெல்லாம் வாடகை பிடுங்குவது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அது சரிப்படவில்லை. அதில் விலைவாசி ஏறுவதில்லை, வேலை போவதில்லை, யாருக்கும் உடம்புக்கு வருவதில்லை. அதனால் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை வெட்டி நானே ஒரு பலகை செய்தேன். சம்பளம், வாடகை, கடை, வைப்பு, பங்கு, காப்பீடு, கடன் என்று சுற்றிவரக் கட்டங்கள். பணத்துக்குப் பதில் வெட்டிய காகிதத் தாள்கள். நடுவில் ஒரு சீட்டுக்கட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு நிலைமை எழுதியிருக்கும், என்ன செய்யலாம் என்று ஆட்டக்காரர்கள் முடிவு செய்ய வேண்டும். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்ததும் பலகை வந்துவிடும்.

நான் ஆடமாட்டேன். நான் வங்கி.

மூன்று ஆட்டக்காரர்கள். பெரியவளுக்கு வீட்டில் கண்டக்டர் என்று பெயர், ஒரு தாள் சில்லறை பாக்கி இருந்தாலும் மறக்கமாட்டாள், அடுத்த சுற்றில் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். சின்னவன் உண்டியல். உள்ளே போனது வெளியே வராது. மூன்றாவது அவர்களுடைய அப்பா. லிஃப்ட் மெக்கானிக். அவரைவிட மோசமான ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை. எதையும் விற்கமாட்டார். நஷ்டத்தில் ஓடும் கடையை வைத்துக்கொண்டு, "இருக்கட்டும், பாவம், அதுவும் முக்கி முனகி ஓடிட்டுதானே இருக்கு" என்பார். பங்கு விலை விழுந்து பிள்ளைகள் பதறினால் சிரிப்பார்.

"மார்க்கெட்டும் லிஃப்ட் மாதிரிதான்டா. இறங்குனா ஏறும். நடுவுல நிக்கிறப்பதான் உள்ள இருக்கிறவன் கத்துவான்."

"அப்பா, நீங்க ஏறுனதே இல்ல," என்பாள் கண்டக்டர். "எப்பவும் தரைத்தளம்தான்."

"தரைத்தளத்துலதான் கதவு இருக்கு. சட்டுனு வெளிய போயிடலாம்."

என்னை அவர் மேனேஜரம்மா என்று கூப்பிடுவார். "மேனேஜரம்மா, ஒரு சின்னக் கடன் கிடைக்குமா, மூஞ்சியப் பாத்துக் குடுங்க" என்று பல்லைக் காட்டுவார். முகத்தைப் பார்த்து நான் கொடுத்ததில்லை.

பலகையில் கற்றது பலகையோடு நின்றுவிட்டால் அது வெறும் பொழுதுபோக்கு. அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். வீட்டுக்கு ஒரு பெரிய செலவு வந்தால் அதைச் சீட்டாக எழுதிப் பலகையில் வைப்பேன். அங்கே என்ன முடிவாகிறதோ அதுதான் வீட்டிலும். பிறகு யாரும் புரட்டிப் பேசக் கூடாது. பழைய சலவை இயந்திரத்தைச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா என்று முதலில் வந்தது. விடுமுறைக்கு ஊர் சுற்றப் போவதா, அந்தப் பணத்தை வைப்பில் போடுவதா என்று வந்தது. கண்டக்டருடைய நீச்சல் வகுப்பும் ஒருமுறை வந்தது. அவளே தன் வகுப்புக்கு எதிராகக் கையைத் தூக்கினாள். உதடு துடித்தது, ஆனாலும் கையைக் கீழே போடவில்லை. அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா.

அவருடைய தம்பி ஒருமுறை வண்டி வாங்கக் கடன் கேட்டு வந்தபோதும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றேன். மேசைக்கு முன்னால் உட்கார வைத்துப் பலகையை விரித்ததும் அவருக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"என்ன அண்ணி இது. இந்தப் பொடுசுங்ககிட்டயா நான் கடன் கேக்கணும்?"

"அடமானமா என்ன வெச்சிருக்கீங்க சித்தப்பா?" என்றாள் கண்டக்டர்.

"அடமானமா? உங்க அப்பனைத் தோள்ல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கேன், அத வெச்சுக்கோ."

"அது வரவுல வராது சித்தப்பா," என்றான் உண்டியல், ரொம்ப வருத்தமாக.

எல்லோரும் சிரித்தார்கள். கடன் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியாமல் என் வீட்டுக்காரர் தன் கைச் செலவுப் பணத்தைத் தம்பி சட்டைப் பையில் திணித்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். நானும் மனுஷிதான்.

என் வீட்டுக்காரருக்கு உடம்புக்கு வந்தது அதற்கு அடுத்த வருடம். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. லிஃப்ட்காரனுக்கே லிஃப்ட் வேண்டியிருக்கு என்று வேலையிடத்தில் கேலி செய்தார்களாம். ரத்தத்தில் கோளாறு என்றார் மருத்துவர். அதற்கு ஒரு மாத்திரை உண்டு, தினம் ஒன்று, ஆயுள் முழுக்க. விட்டுவிடாமல் சாப்பிட்டால் பல வருடம் ஓட்டலாம், இவரைப்போல இருந்தவர்கள் வேலைக்கே திரும்பிப் போயிருக்கிறார்கள், ஆனால் எழுதித்தர முடியாது என்றார். நல்ல மனிதர். விலையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

மாத்திரையின் மாதச் செலவு என் சம்பளத்தை அப்படியே விழுங்கும். அவர் சம்பளத்தில் வீடு ஓடிவிடும், ஆனால் அவர் அப்போது விடுப்பில் இருந்தார். சேமிப்பு இருந்தது. பங்குகள் இருந்தன. வாடகைக்கு விட்ட சின்ன வீடு ஒன்றும் இருந்தது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விற்றால் ஐந்தாறு வருடம் தாக்குப்பிடிக்கலாம். அதற்குள் கண்டக்டர் கல்லூரி வாசலில் நிற்பாள். பேருந்தில் நின்றபடியே மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். திரும்பத் திரும்ப அதே விடைதான் வந்தது.

சில மாதம் வாங்கினேன். மாத்திரை வேலை செய்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. வேலைக்குப் போகும்போது போடலாம் என்று தடித்த அடி வைத்த காலணி ஒன்று வாங்கிவந்து, கூடத்திலேயே போட்டு நடந்து காட்டினார்.

அந்த வாரம்தான் நான் பழைய லாரிச் சீட்டை எழுதினேன்.

‘உங்களிடம் ஒரு பழைய லாரி இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தாள் சம்பாதிக்கும். ஓட வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து தாளுக்குப் பழுது பார்க்க வேண்டும். எத்தனை சுற்று ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. நின்றுவிட்டால் காப்பீட்டில் நாற்பது தாள் கிடைக்கும். பழுது பார்ப்பதா, விட்டுவிடுவதா?’

விகிதத்தில் நான் ஏமாற்றவில்லை. என் சம்பளம், அவர் சம்பளம், மாத்திரை விலை, அவர் பெயரில் நான் எடுத்திருந்த ஆயுள் காப்பீடு, எல்லாவற்றையும் ஒரே அளவில் சுருக்கினேன். வங்கி பொய் சொன்னால் ஆட்டம் கெட்டுவிடும்.

அந்த ஞாயிறு சீட்டை எடுத்தது உண்டியல். எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான். கண்டக்டர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள்.

"இது வரைக்கும் பழுதுக்கு எவ்வளவு செலவாச்சு?"

"அது எதுக்கு உனக்கு?" என்றேன்.

"ஆமா. போன காசு போனதுதான். கணக்குல சேக்கக் கூடாது," என்று தன்னைத் தானே திருத்திக்கொண்டாள். கெட்டிக்காரி. "அப்ப சுற்றுக்கு மூணு தாள் நஷ்டம். நின்னா நாப்பது வரும். அம்மா, இது ரொம்ப ஈஸி."

"ஓடுற வண்டிய எதுக்கும்மா விடணும்?" என்றார் அவர். "ரெண்டு தாள் சம்பாதிக்குதுல்ல. நாலு பேரு அத நம்பி சரக்கு ஏத்தியிருப்பான்."

"அப்பா, உங்களுக்கு எல்லாமே பாவம்தான். பழுதுக் காசு உங்க கையிலேர்ந்தா வருது?"

"இல்ல," என்றார். "மேனேஜரம்மா கையிலேர்ந்து." என்னைப் பார்த்துச் சிரித்தார்.

உண்டியல் மட்டும் சீட்டை விடாமல் பிடித்திருந்தான். சீட்டின் மூலையில் நான் சின்னதாக ஒரு லாரி வரைந்திருந்தேன், அழகுக்காக.

"எனக்கு இந்த லாரி பிடிச்சிருக்கும்மா."

"பிடிக்கும்கிறதுக்குப் பலகையில கட்டம் எங்க இருக்கு, காட்டு," என்றேன்.

அவன் பலகையைச் சுற்றிச் சுற்றித் தேடினான். எட்டு வயதுப் பிள்ளை, நிஜமாகவே ஒவ்வொரு கட்டமாகத் தேடினான். பிறகு அக்காவைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினான். விட்டுவிடலாம் என்பதற்கு இரண்டு கை. அவர் ஒருவர்தான் மிச்சம்.

"சரி சரி, பிள்ளைங்க எங்கேயோ நானும் அங்கேயே," என்று அவரும் தூக்கினார்.

மூன்று கை. வங்கிக்கு வாக்கு கிடையாது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அறையில் வாக்களிக்காத ஒரே ஆள் நான்தான்.

அடுத்த முறை மருந்துக்கடைக்குப் போனபோது வேறு மாத்திரை வாங்கினேன். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் கொடுக்கும் சத்து மாத்திரை. அதே மஞ்சள், அதே நீள உருண்டை. பழைய சீசாவைக் கழுவிக் காயவைத்து அதில் போட்டேன். தினமும் காலையில் தண்ணீரும் மாத்திரையும் நானே எடுத்துக் கொடுப்பேன். ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை.

"இது இப்போ கொஞ்சம் இனிக்குது," என்றார் ஒருநாள். "இவ்வளவு விலை வாங்குறமேன்னு கம்பெனிக்காரனுக்கு மனசாட்சி உறுத்திருச்சு போல."

"முழுங்குங்க, சப்பாதீங்க," என்றேன்.

காலணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரசீது இருந்தது, அடியும் தேயவில்லை. எங்கே காணோம் என்று ஒருமுறை கேட்டார். குணமானதும் இன்னும் நல்லதாக வாங்கலாம் என்றேன். சரி என்று விட்டுவிட்டார். அவர் எதையும் இரண்டு முறை கேட்கிறவர் இல்லை.

மருத்துவர் குழம்பினார். ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டிக்கொண்டே, "மாத்திரைய ஒழுங்காச் சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். "சாப்பிடாம இவ விடுவாளா டாக்டர்?" என்றார் அவர். உண்மையாகத்தான் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். சிலருக்கு மருந்து ஒரு கட்டத்துக்கு மேல் கேட்காது என்று மருத்துவர் தானே ஒரு முடிவுக்கு வந்தார்.

தம்பி வந்தார். நாங்கள் கடன் தராத அந்த வண்டியை எப்படியோ வாங்கி, ஓட்டி, நன்றாகத்தான் இருந்தார். "அண்ணி, வண்டிய வித்துடறேன். மருந்துச் செலவு எவ்வளவு வந்தாலும் நான் பாத்துக்கறேன். அவன் எனக்கு அண்ணன் மட்டும் இல்ல," என்று மருத்துவமனை நடையில் நின்று சொன்னார். பிழைப்புக்கு இருக்கும் ஒரே வண்டியை விற்பது முட்டாள்தனம் என்று எடுத்துச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்கு நான் செய்த நல்லது அது.

கடைசி நாட்களில் அவருக்குப் பலகையில் காயை நகர்த்தக்கூடக் கை எழவில்லை. கண்டக்டர் நகர்த்துவாள். "அப்பா, இந்தக் கடைய வித்துடவா?" என்பாள். வேண்டாம் என்று கண்ணால் சொல்வார். அவர் போனது மழைக் காலத்தில். கூட்டம் நிறைய வந்தது. அவர் பழுது பார்த்த கட்டடங்களின் காவலாளிகள்கூட வந்திருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வருவதில்லை. உடம்பில் ஒரு இடம் மரத்துப்போனால் அங்கே கிள்ளினாலும் தெரியாது அல்லவா, அப்படித்தான். அதைத் துக்கம் என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

காப்பீட்டுத் தொகை தாமதமில்லாமல் வந்தது. அதை எப்படிப் பிரித்து எதில் போட்டேன் என்பதை வேண்டுமானால் விவரமாகச் சொல்கிறேன், உங்கள் பையனுக்குப் பயன்படும். கண்டக்டர் கட்டடப் பொறியாளர். உண்டியல் வெளிநாட்டில் இருக்கிறான். இருவருக்கும் ஒரு காசு கடன் கிடையாது.

நேற்று உங்கள் கூட இருந்த அதிகாரி ஒன்று சொன்னார். எங்கள் பங்குகள் அதற்கடுத்த இரண்டு வருடத்தில் ஏறிய ஏற்றத்துக்கு, அதிலிருந்தே பல வருடத்துக்கு மாத்திரை வாங்கியிருக்கலாம் என்றார். பின்னால் வந்த விலையை வைத்து முன்னால் எடுத்த முடிவை எடைபோடுவது புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு. அவர் சின்ன வயசு. கற்றுக்கொள்வார்.

இவ்வளவு காலத்துக்குப் பிறகு இது எப்படி வெளியே வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, உங்களுக்கே தெரியும். நான்தான் சொன்னேன். மாட்டிக்கொண்டு சொல்லவில்லை. போன மாதம் கண்டக்டர் வந்தாள். வீடு வாங்குவதா, வாடகையிலேயே இருப்பதா என்று அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் இழுபறி. மாப்பிள்ளைக்கு அந்த வீட்டு முற்றத்தின் மேல் ஆசை. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. தைரியம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

"இதுக்குப் போய்க் கலங்குறியே. பதினொரு வயசுல லாரிய விட்டவ நீ."

"எந்த லாரி?" என்று யோசித்தாள். பிறகு சிரித்தாள். "அந்தச் சீட்டா? அப்பாகூடக் கடைசியில நம்ம பக்கம் வந்துட்டாரே."

"அந்த ஒரு முடிவாலதான் நீயும் உன் தம்பியும் படிச்சீங்க," என்றேன். எப்படி என்று கேட்டாள். சொன்னேன். சீட்டில் இருந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். நம் குடும்பம் எடுத்த முடிவுகளிலேயே நல்ல முடிவு அது, எடுத்தது நீங்கள்தான், நான் வெறுமனே நடத்திக் கொடுத்தேன் என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

அவள் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவிய கோப்பையையே மறுபடி மறுபடி கழுவினாள்.

"தம்பிக்குத் தெரியுமா?" என்றாள், திரும்பாமலே.

"இன்னும் இல்ல."

"சொல்லிடாதம்மா. அவன் அந்த லாரி வேணும்னு சொன்னான்."

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெற்றவள் என்றுகூடப் பார்க்காமல் முடிவெடுத்திருக்கிறாள். நான் வளர்த்த விதம் அப்படி.

இப்போது நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மாத்திரையை மாற்றியது நான். மருத்துவரிடம் தலையாட்டியது நான். தம்பி கொடுக்க வந்த பணத்தைத் திருப்பியது நான். அவர் பிழைத்திருக்கக் கூடியவர் என்று எனக்குத் தெரியும். யாரும் என்னைத் தூண்டவில்லை, யாரும் எனக்கு உதவவில்லை. கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள்.

இன்னொன்று கேட்டீர்கள், பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவ்வளவு நியாயமான கணக்கு என்றால் சீட்டில் ஏன் லாரி என்று எழுதினீர்கள், அப்பா என்றே எழுதியிருக்கலாமே என்று. நானும் அதை யோசிக்காமல் இல்லை. அப்பா என்று எழுதியிருந்தால் பிள்ளைகள் தப்பாக முடிவெடுத்திருப்பார்கள்.